தாராளமாகப் பேசலாம்

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், சார். சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது. நமக்குப் பரவாயில்லை, பேச்சு சூடுபிடித்தால் மறந்துவிடும். நாளைக்கு இதைப் போட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்யப் போகிறவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அது நல்ல கருவிதான். ஆனால் அதற்குத் தராதரம் தெரியாது. மனிதன் பேச்சையும் விசிறியின் முனகலையும் ஒரே மரியாதையோடு வாங்கி வைத்துக்கொள்ளும். கொஞ்சம் என்னைப் போல.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் மனைவியின் தங்கை எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருக்கிறாள். என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு அடுக்களையில் சொல்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் என் காதைப் பற்றி யாருக்குமே எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை.

வேலை, காதுக்கருவி செய்யும் நிறுவனத்தில். வடிவமைப்புப் பிரிவு. காது கேட்காதவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அது. எங்களிடம் வருகிறவர்கள் ஒரே ஒரு விஷயத்தில்தான் கறாராக இருப்பார்கள். "கேக்குதோ இல்லையோ, வெளிய தெரியக் கூடாது." காது கேட்கவில்லை என்பதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை. கருவி கண்ணில் படுவதில்தான் வெட்கம். ஆகவே தலை நரைக்கும்வரை நான் செய்ததெல்லாம், இருக்கிற ஒரு பொருளை இல்லாததுபோல ஆக்குவது. இந்தத் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. பாட்டுக்காரன் நன்றாகப் பாடினால் கை தட்டுவார்கள். சமையல்காரன் நன்றாகச் சமைத்தால் இன்னொரு கரண்டி கேட்பார்கள். நான் நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யார் வந்து கை கொடுப்பார்கள்?

என் மச்சினன் வேறு ரகம். மனைவியின் தம்பி, வக்கீல். அவன் வாயைத் திறந்தால் சாப்பாட்டு மேசையில் கரண்டிகள் நிற்கும். நீதிமன்றத்தில் நடந்ததை அவன் சொல்லும்போது என் மனைவி சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள். நான் ரசத்தைக் கேட்டால் மூன்றாவது தடவைதான் என் பக்கம் வரும். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். நான் அவன்மேல் உயிரையே வைத்திருந்தேன். ரசம் ஆறிப்போகும், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் இருமல்காரர் வந்தார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும், எனக்கு இப்போதும் சொல்லிப் பழக்கமில்லை. பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார். தன் அம்மாவுக்குக் காதுக்கருவி வாங்க வந்தவர். கருவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. விற்பனைப் பெண் உள்ளே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் வேட்டைக்குப் போய்வந்தவன்போல முன் அறையில் போய் நின்றேன். சட்டைப்பையில் பிசின் ஒட்டியிருந்தது.

அடுத்த முறை அவர் தேநீர்க் கடையில் வைத்துப் பேசினார். ஒரு பெரிய நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பதாகச் சொன்னார். உள்ளேயிருந்து ரகசியங்கள் வெளியே போகின்றன, யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும், ஆனால் வைக்கிற கருவியெல்லாம் மாட்டிக்கொள்கிறது. "எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடறாங்க சார். உங்க கை வேணும்" என்றார். என்ன நிறுவனம் என்று நான் கேட்கவில்லை. அது நாகரிகமில்லை என்று நினைத்தேன். ஊரார் பேச்சைத் திருட்டுத்தனமாகக் கேட்கும் கருவி செய்யச் சம்மதித்த நேரத்திலும் எனக்கு நாகரிகம் முக்கியமாக இருந்தது. இதற்கு நீங்கள் சிரிக்கலாம். நான் சிரித்திருக்கிறேன்.

அந்தக் கருவியைப் பற்றி உங்கள் நிபுணருக்கு விவரமாகச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு இது போதும்: சாதாரண ஒட்டுக்கேட்கும் கருவி ஒரு வாயாடி. ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அதை எங்காவது போய்ச் சொல்லாவிட்டால் அதற்குத் தலை வெடித்துவிடும். சோதனை போட வருகிறவர் அந்தப் பதற்றத்தைத்தான் பிடிக்கிறார். நான் என் கருவிக்குக் கற்றுக்கொடுத்தது அடக்கம். ஆள் நடமாட்டம் இருக்கும்போது கேட்டதை வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பது, அறை காலியான பிறகு எனக்கு மட்டும் சொல்வது. கிட்டத்தட்ட என் சுயசரிதையை ஒரு பொத்தான் அளவுக்குச் சுருக்கியிருந்தேன்.

அதற்கு எனக்கு உதவியவர் ஒருவர் உண்டு. அவருக்கே தெரியாமல் உதவினார். நீங்கள் பக்கத்து அறையில் அடைத்து வைத்திருந்தீர்களே, மோப்பக்காரர், அவர்தான். முன்பு எங்கள் தெருமுனையில் வானொலி பழுது பார்த்தவர். வானொலியை யாரும் சீந்தாமல் போன பிறகு, அலுவலகங்களில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று சோதிக்கும் வேலைக்கு மாறிவிட்டார். மோப்பக்காரர் என்று அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். நாங்கள் நல்ல சிநேகிதர்கள். எதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவர் ஆசையாகச் சொல்லுவார். நான் ஆசையாகக் கேட்பேன். வீட்டுக்குப் போய், அவர் எதைத் தேடுவதாகச் சொன்னாரோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக என் கருவியிலிருந்து எடுத்துவிடுவேன். ஒருவர் மனம் விட்டுப் பேச, இன்னொருவர் காது கொடுத்துக் கேட்பதுதானே சிநேகிதம்? அந்த வகையில் அவருக்கு என்னைவிட நல்ல சிநேகிதன் கிடைத்திருக்க முடியாது.

கருவி தயாரானதும் இருமல்காரர் இடத்தைச் சொன்னார். ஒரு வக்கீல் அலுவலகம். "உங்களுக்கு அங்க சொந்தக்காரர் யாரோ இருக்காராமே" என்றார், ஏதோ தற்செயலாகத் தெரிந்துகொண்டவர்போல.

என் மச்சினனின் அலுவலகம். அப்போது அவன் ஒரு மருந்து நிறுவனத்தின்மேல் வழக்கு எடுத்திருந்தான். குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்தைக் குடித்துப் பிள்ளைகள் சிலர் செத்துப்போயிருந்தார்கள். மருந்தில் கோளாறு என்று இவன், கோளாறு இல்லை என்று அவர்கள். இருமல் மருந்து விற்கிற இடத்தில் வேலை பார்ப்பவருக்கே இருமல் நிற்கவில்லையே என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள்தான் ஒப்புக்கொண்டேன்.

காரணம் கேட்பீர்கள். என் கருவிக்கு ஒரு நிஜமான பரீட்சை தேவைப்பட்டது. மச்சினன் எச்சரிக்கையானவன். வழக்கை எடுத்த நாளிலிருந்து மோப்பக்காரரை அடிக்கடி கூப்பிட்டு அறையைச் சோதித்துக்கொண்டிருந்தான். அந்த ஊரிலேயே ஒழுங்காகத் தேடப்படுகிற அறை அது ஒன்றுதான். யாரும் தேடாத இடத்தில் ஒளித்து வைத்து என்ன பெருமை?

வைப்பதற்கு வழியை என் மனைவியே ஏற்படுத்திக் கொடுத்தாள். "தம்பி ஆபீஸ்ல வர்றவங்க உக்கார்ற நாற்காலி ஆடுதுங்க. நீங்கதான் எல்லாத்தையும் நோண்டிக்கிட்டே இருக்கீங்களே, அதையும் ஒரு தடவை பாருங்களேன்" என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். கால்களைக் கழற்றிப் பசை வைத்து இறுக்கினேன். கருவியையும் அதற்குள் வைத்தேன். எனக்குத் தச்சு வேலை வராது. ஆனாலும் ஆட்டம் நின்றுவிட்டது. திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டபோது மச்சினன் உட்கார்ந்து அசைந்து பார்த்தான். "அத்தான் கை பட்டா பட்டதுதான்" என்று என் தோளில் தட்டினான். அன்று ராத்திரி சாப்பாட்டில் முதல் கரண்டி ரசம் எனக்கு வந்தது.

பரீட்சை நாளில் நானும் இருந்தேன். மோப்பக்காரர்தான் கூப்பிட்டார், ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. விளக்கு, அலமாரி, சுவர், தொலைபேசி என்று எல்லாவற்றையும் தடவிக்கொண்டே வந்தார். நாற்காலிக்குக் கிட்டே வந்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நம் தாளைக் கையில் எடுக்கும்போது வருமே, அது அதிகம். அவர் அந்த நாற்காலியை மேலும் கீழும் சோதித்தார், கவிழ்த்துப் பார்த்தார், நிமிர்த்தினார். பிறகு அதிலேயே உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சுத்தம்" என்றார். "இதுக்கு மேல சுத்தமா ஒரு ரூம் இருக்க முடியாது."

எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல இருந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். சோதனை முடிவுகளை மாற்றி எழுதச் சொன்னார்கள் என்றும், பழைய மருந்து மாதிரிகளைத் தான் எடுத்து மறைத்து வைத்திருப்பதாகவும் மச்சினனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாளாம். பத்திரமான இடம் என்றால்தான் பேசுவேன் என்றாளாம். அதற்காகத்தான் அன்றைய சோதனையே. அவள் உள்ளே போய்ப் பேசினாள். நானும் மோப்பக்காரரும் கிளம்பிவிட்டோம். வழியில் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

பதிவை இருமல்காரரிடம் சேர்த்தேன். அவர் கேட்டுவிட்டு மறுபடி வந்தார். அவருக்கு ரொம்பத் திருப்தி. ஒரே ஒரு இடம்தான் விளங்கவில்லை. அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று சொல்லி அந்தப் பெண் தெருப் பெயரைச் சொல்கிறாள், சரியாக அங்கே ஏதோ கிரீச்சென்று ஒரு சத்தம் வந்து பெயரை மூடிவிடுகிறது. "பரவால்ல சார், மத்ததெல்லாம் தெளிவாத்தான் இருக்கு" என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு வேலைக்காரனிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

உட்கார்ந்து கேட்டேன். அது என் நாற்காலி. தெருப் பெயரைச் சொல்லும்போது அவள் முன்னால் சாய்ந்திருக்கிறாள், நான் பசை வைத்த கால் முனகியிருக்கிறது. அந்த முனகலைத் தனியாகப் பிரித்து, இழை இழையாக உருவி எடுத்தேன். அடியில் அவள் குரல் இருந்தது. முதலில் மெல்லின எழுத்து ஒன்று கிடைத்தது. பிறகு முழுப் பெயரும், வீட்டு அடையாளமும். துவைத்துக் காயப்போட்ட துணிபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைக் கேட்டதும் இருமல்காரர் செருமக்கூட மறந்துவிட்டார்.

என் தச்சு வேலை அவளைக் காப்பாற்றப் பார்த்தது, சார். என் மற்ற வேலை விடவில்லை.

அந்த வாரமே அந்தத் தெருவின் முனையில் அவள்மேல் லாரி ஏறியது. ஓட்டியவன் நிற்கவில்லை. அக்கா வீட்டை யாரோ புகுந்து கலைத்திருந்தார்கள், மாதிரிகள் போய்விட்டன. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "அந்த ரூம்ல அவளும் நானும்தான் அத்தான். எப்படி வெளிய போச்சு?" என்று கேட்டான். யார்மேல் சந்தேகம் என்று நான் கேட்டேன். தன் குமாஸ்தாமேல் என்றான். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் அவர்தானே, ஒட்டுக்கேட்டிருப்பார். வெகு காலம் கூடவே இருந்தவரை மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டான். "யாரையும் நம்ப முடியாத காலம்ப்பா" என்று நான் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த மேசையில் முதல் தடவையாக அவன் என்னிடம் மட்டும் பேசினான்.

பிறகு நாற்காலி உடைந்தது. கனத்த சரீரம் உள்ள ஒரு மூத்த வக்கீல் வந்து உட்கார்ந்திருக்கிறார், கால் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அவர் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம், நடுவில் என் கருவி.

உங்கள் ஆட்கள் மோப்பக்காரரைப் பிடித்தார்கள். நியாயம்தான். அறை சுத்தம் என்று சொன்னவர் அவர், கருவி வேலை தெரிந்தவரும் அவர். பத்திரிகையில் அவர் படத்தோடு செய்தி வந்தது. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு படித்தேன். நிபுணர்களையே அசர வைத்த நுட்பம் என்று எழுதியிருந்தார்கள். இப்படியொரு கருவியைச் செய்தவர் தெருமுனையில் வானொலி பழுது பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நம்ப முடியாத அதிசயம் என்றும் எழுதியிருந்தார்கள். நான் சாப்பிடாமல் டப்பாவை மூடிவிட்டேன்.

அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள், "அவர் அப்படிச் செய்யற ஆளே இல்லைங்க. உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியுமே. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

அதனால்தான் வந்தேன். ஒரு நிரபராதி உள்ளே இருக்கும்போது எப்படித் தூக்கம் வரும்? வாசலில் இருந்த உங்கள் ஆளிடம், இதை அவர் செய்திருக்க முடியாது என்று சொன்னேன். "எதை வச்சு சொல்றீங்க?" என்றார். "அவருக்கு அவ்வளவு திறமை கிடையாது" என்றேன். அவர் சிரித்தார். நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்கி முடிக்கும்போது அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு கவனமாக என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

மோப்பக்காரரை நேற்று விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். போகும்போது அவர் என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வெட்கப்படுகிறார் போலிருக்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லையே என்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

என் மனைவி ஒரு தடவை வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், "நம்ம வீட்லயும் வச்சிருந்தீங்களா?"

இல்லை, சார். சத்தியமாக இல்லை. நீங்களும் தேடிப் பார்த்துவிட்டீர்கள். அவள் மனம் சமாதானமாகட்டும் என்று, "நம்ம வீட்ல பேசறதைக் கேக்க என்ன இருக்கு?" என்றேன். அவள் எழுந்து போனாள். அப்புறம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் நேற்றிலிருந்து அதையே சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மச்சினன் சொல்லியிருப்பான். அந்தப் பெண் வந்தாள், உள்ளே போய்ப் பேசினாள் என்றேன் அல்லவா? அவள் நேராக உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றுவிட்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். மச்சினன், "வாங்க, ஒண்ணும் பயமில்லை" என்றான். அவள் அவனை நம்பவில்லை. மோப்பக்காரர் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, எல்லாம் பார்த்தாயிற்று என்றார். அவள் அவரையும் நம்பவில்லை. வக்கீல் பேசத்தான் செய்வார், கூலிக்கு வந்தவர் முடிந்தது என்றுதான் சொல்வார். புத்திசாலிப் பெண். ஏணியை மடக்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். வாயில்லாப் பூச்சி மாதிரி ஒருவன், நரைத்த தலை, பார்த்தால் வீட்டு மனிதன். "ஐயா, இங்க பேசலாமா?" என்று என்னைக் கேட்டாள்.

"தாராளமாப் பேசலாம்மா" என்றேன்.

அவள் உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்தான் அதை அவளுக்காகக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டேன்.

என் கருவியால் செய்ய முடியாத ஒரே வேலை அதுதான், சார். அது கேட்கும், ஒளிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை என்று ஒருவரை நம்ப வைக்க அதற்குத் தெரியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் நான். வைத்தது நான், உள்ளே அனுப்பியது நான், தெருப் பெயரைத் துடைத்துக் கையில் கொடுத்ததும் நான். லாரி ஓட்டியவனைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், தேடுங்கள். அவன் கடைசியில் வந்தவன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். உங்கள் நிபுணர் தன் அறிக்கையில், சோதனையின்போது கருவி கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாற்காலி உடைந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, பிற்பாடு படிக்கிறவர்களுக்கு அது முக்கியம். மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

இறந்தவர் பெயர் என்று இங்கே ஒரு கோடு போட்டு, என் கையாலேயே எழுதச் சொல்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது, சார். அவள் பேச ஆரம்பித்ததே தன் பெயரைச் சொல்லித்தான். பதிவில் முதல் வார்த்தையே அதுதான். அந்த இடம் நல்ல தெளிவாக இருந்தது, அதனால் நான் அதைக் கவனித்துக் கேட்கவில்லை.